நான்காம் வீட்டுக் கூரை

அவர் கடைசியாகக் கண்ணாடியைத் துடைத்தது அவள் முந்தானையில்தான். நான்காம் வீட்டுக் கூரையிலிருந்து வியர்வை வழிய இறங்கி வந்தவர், கேட்காமல் கொள்ளாமல் முந்தானை நுனியை இழுத்துக் கண்ணாடியை ஒற்றி எடுத்தார்.

"உங்களுக்குக் கைக்குட்டை வாங்கிக் கொடுத்தே என் ஆயுசு போச்சு," என்றாள்.

"கைக்குட்டை கண்ணாடியைக் கீறும்," என்று இன்ஜினியருக்கே உரிய ஒரு பதிலைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்து சற்றுப் படுத்தார். சாப்பிட எழுப்பப் போனபோது கண்ணாடி தலைமாட்டில் பளிச்சென்று இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் இன்ஜினியர்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் மாடி மேல் மாடியாக அடுத்தவர்களின் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர், ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் வாடகைக்கு விட நாலு குட்டி வீடுகள் கட்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, அதன் மூலையில் அடுப்படி, பின்னால் குளியலறை, அவ்வளவுதான். கட்டில் போட்டால் நடக்க முடியாது. நடக்க வேண்டுமானால் கட்டிலை மடிக்க வேண்டும்.

இரும்பு வேலைக்கு அவளுடைய தம்பி வந்தான். வெல்டர். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"இந்த வயசுல மாமா சின்ன வீடு கட்டுறார்னு ஊரே பேசுதுக்கா."

"ஒண்ணு இல்லடா, நாலு," என்றார் அவர், கூரைச் சட்டத்தின் மேலிருந்து.

"நாலையும் பெருக்கப் போறது நான்தானே? எத்தனை வேணா வெச்சுக்கட்டும்," என்றாள் அவள்.

வீடு சிறிது என்பதால் வேலையும் சிறிதுதான் என்று நினைத்திருந்தாள். அவர் அப்படி நினைக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் ஊர். மழை வந்தால் பக்கவாட்டில் சாத்தும். அதனால் சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும் கூரை இறவாணம் வைத்தார். சூடு வெளியேறச் சுவரின் உச்சியில் திறப்பு விட்டார். மேலே எடையில்லாத தகரம், அதன் கீழே காற்று உலவ இடைவெளி, அதற்கும் கீழே மெல்லிய பலகை. உள்ளே இருப்பவர்கள் வெந்து போகாமலிருக்க இத்தனையும் வேண்டும். ஆனால் பெருங்காற்று வீசும்போது இதே இறவாணமும் இதே திறப்பும் எதிரியாக மாறிவிடும். குடைக்குள் புகுவதுபோல் காற்று புகுந்து கூரையைத் தூக்கப் பார்க்கும்.

"பெரிய கட்டடம்னா விழுந்துடுமோன்னு பயப்படணும்," என்பார். "குட்டி வீடுன்னா பறந்துடுமோன்னு பயப்படணும். தன்னைப் பிடிச்சு வெச்சுக்கிற கனம் அதுக்கு இல்ல. நாமதான் பிடிச்சு வெக்கணும்."

அப்படித்தான் பிடித்து வைத்தார். அஸ்திவாரத்தில் ஊன்றிய கம்பி சுவருக்குள்ளேயே ஏறி, ஜன்னல்களுக்கு மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையில் சேர்ந்தது. அங்கிருந்து இரும்புப் பட்டைகள் கூரைச் சட்டத்தைப் பிடித்தன. சட்டத்தைக் கொக்கி போல்ட்டுகள் பிடித்தன. தகரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு வாஷர், ஒரு நட்டு. இரும்பு வேலையெல்லாம் தம்பி செய்தான். நட்டு மாட்டுவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அவர் போன பிறகு, வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, மிச்ச வேலையைத் தம்பி முடித்துக் கொடுத்தான். கதவு, ஒயரிங், வண்ணம். நான்காம் வீட்டில் ஏணி போட்டுக் கூரையை ஒரு முறை எட்டிப் பார்த்தான். எல்லா நட்டும் வரிசையாக அதனதன் இடத்தில் இருந்தன. மாமாவின் கை பட்ட வேலை. கண் கலங்க இறங்கி வந்துவிட்டான்.

முதல் மூன்று வீடுகளுக்கும் ஆட்கள் வந்து நிலைத்தார்கள். நான்காம் வீட்டுக்கு வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய சமயம் வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சாயங்காலமானா மேல யாரோ தட்டுறாங்க."

"பூனையா இருக்கும்."

"பூனை விரலை மடக்கித் தட்டுமாம்மா?"

அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்து நரைத்தவள். வருகிறவர்களிடம் நோயைக் கேட்டுக் கேட்டே பழகியவள். "எப்ப ஆரம்பிக்குது? எவ்வளவு நேரம் இருக்கு? வறட்டுச் சத்தமா, கனமா?" என்றாள்.

"நான் என்ன இருமலுக்கா மருந்து கேக்க வந்தேன்?" என்றார் கண்டக்டர். அந்த வாரமே காலி செய்துகொண்டு போனார்.

சாவியை வாங்கிக்கொண்டு, பெருக்கிவிட்டு வரலாம் என்று அவள் உள்ளே போனாள். வெயில் அப்போதுதான் சுவரை விட்டு இறங்கியிருந்தது. துடைப்பத்தைச் சாத்தி வைத்தபோது கேட்டது.

டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது அவருடைய தட்டு. எந்தச் சுவரைக் கண்டாலும் விரலை மடக்கி அப்படித்தான் தட்டுவார். இரண்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், பிறகு ஒன்று. முதன்முதலாக அவள் வீட்டுக்கு வந்த அன்றே கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தவர். "மாப்பிள்ளை வந்திருக்காரா, வீடு வாங்க ஆள் வந்திருக்கானா?" என்று அவளுடைய அப்பா அடுப்படியில் வந்து கேட்டார்.

சூட்டில் தகரம் நீளும், ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது சத்தம் வரும். இதையெல்லாம் அவரே சொல்லியிருந்தார். அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் எதுவும் குறைந்துவிடவில்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். மேலே தட்டினால் இவள் சுவரில் தட்டுவாள். கடையில் நடந்ததைச் சொல்லுவாள், முழங்கால் வலியைச் சொல்லுவாள், சில நாள் சண்டையும் போடுவாள். வீடு கேட்டு வந்தவர்களை இல்லை என்று அனுப்பினாள்.

"ஏன்க்கா சும்மா பூட்டி வெச்சிருக்க?" என்றான் தம்பி.

"ஓதம் ஏறுது."

"மாமா கட்டின வீட்டுல ஓதமா? அவர் காதுல விழுந்தா எழுந்து வந்துடுவார்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்புறம் நர்ஸ் வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை, கையில் ஒரே ஒரு பெட்டி. ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் இந்த இடம்தான் வேண்டுமாம். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, "யாரும் விசாரிக்காத வரைக்கும் நல்லாத்தான் இருக்கார்," என்றாள். கேட்ட இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து வெகு நாளாகியிருந்தது.

"அந்த வீட்டுல சத்தம் கேக்கும்மா. முன்ன இருந்தவர் பயந்து ஓடிட்டார்."

"எங்க வார்டுல கேக்குற சத்தத்துக்கு முன்னால இதெல்லாம் தாலாட்டுக்கா. சாவியைக் கொடுங்க."

கொடுத்தாள். ஆனால் சாயங்காலம் போவதை நிறுத்தவில்லை. "நீ சமையலைப் பாரு, பாப்பாவை நான் வெச்சுக்கறேன்," என்று நாற்காலியில் உட்காருவாள். டொக், டொக் என்றதும் குழந்தை அண்ணாந்து பார்த்துக் கையைத் தட்டும். அவர் இருந்திருந்தால் அந்தக் குழந்தையைக் கீழே விட்டிருக்க மாட்டார்.

காற்றுக்காலம் தொடங்கியது. ஒருநாள், வானம் மூடி வெயிலே இல்லாத மதியத்தில், துணி எடுக்கப் போனவள் சத்தத்தைக் கேட்டாள். வெயில் இல்லாமல் ஆறுவதற்கு என்ன இருக்கிறது? இடைவெளியும் இல்லை. தடதடவென்று, குளிரில் பல் அடித்துக்கொள்வது மாதிரி. காற்று நின்றதும் நின்றது.

கடைக்கு வருகிறவர்களிடம் அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்: இருமல் சத்தம் மாறினால் என்னிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள் என்று. இப்போது யாரிடம் போவது என்று அவளுக்குத் தெரியும். தம்பியின் பட்டறை தெருக்கோடியில்தான் இருந்தது. அவள் துணியை மடித்து உள்ளே வைத்தாள். தம்பி வந்து பார்த்தால் சரி செய்துவிடுவான். சரி செய்துவிட்டால் சாயங்காலம் யார் தட்டுவார்?

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்திருந்த நேரம், நர்ஸ் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"வாசல்ல கிடந்துதுக்கா. பாப்பா வாயில போடப் பாத்தா. நல்லவேளை."

ஒரு நட்டு. தம்பி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான்.

"என்னடா?"

"விளிம்பெல்லாம் புதுசா இருக்குக்கா. இதுல ஸ்பானரே படல." மெதுவாகத்தான் சொன்னான். "மாமா தகரத்தை மாட்டினதும் இறுக்க மாட்டார். எல்லாத்தையும் கையால திருகி விட்டுருவார். ஒரு முழு வெயிலை வாங்கட்டும், நீள வேண்டியது நீண்டு உக்காரட்டும், மறுநாள் வெயில் ஏர்றதுக்குள்ள இறுக்கிக்கலாம்பார். வேற யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. நான்கூடக் கிண்டல் பண்ணுவேன்."

ஒவ்வொரு வீட்டுக்கும் மறுநாள் காலையிலும் அவள்தான் ஏணி பிடித்தாள். சும்மா சரிபார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். நான்காம் வீட்டுக்கு மறுநாள் காலை அவள் ஏணி பிடிக்கவில்லை. அந்தக் காலையில் வீடு முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

"நான் மேல ஏறிப் பாத்தேனேக்கா. ஒண்ணு ரெண்டைத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மாமா செஞ்சதை நான் தொட்டுப் பாக்கறதாவதுன்னு..."

"இறுக்கிட்டா சத்தம் நின்னுடுமா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பூட்டிக் கிடந்த வீடும், ஓதமும், நாற்காலியும் அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இந்தத் தட்டு நின்னுடும்க்கா."

ரேடியோவில் காலையிலிருந்தே கடல் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நான்காம் வீட்டுக்குள் போனாள். நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. மேலே காற்று ஒருமுறை தகரத்தைத் தூக்கிப் பார்த்துக் கீழே விட்டது. முன்பெல்லாம் அந்தப் பலகைக்கு மேல் அவர் இருந்தார். இப்போது இருந்தது அவர் முடிக்காமல் விட்ட வேலை மட்டும். அதன் கீழே ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரே ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் செய்யச் சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக்குக் காலையில் செய்துகொள்ளலாம் என்றுதான் அவரும் இறங்கி வந்தார்.

வெளியே வந்து, "ஏணியை எடு," என்றாள்.

தம்பி ஏறினான். அவள் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பானர் கிறீச்சிட்டது. சிலவற்றில் நட்டே இல்லை என்று மேலிருந்து குரல் கொடுத்தான். பையிலிருந்து எடுத்துப் புதிதாக மாட்டினான். கடைசி வரிசைக்கு வந்ததும் நிறுத்தினான். கவிழ்ந்து படுத்துத் தலையை மட்டும் கீழே நீட்டினான்.

"அக்கா. ஓரத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் லேசா விட்டு வெக்கட்டுமா? ஒண்ணால ஒண்ணும் ஆயிடாது."

அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். காற்றில் முந்தானை ஏணிக்காலைச் சுற்றிக்கொண்டது. தம்பி அவசரப்படுத்தவில்லை.

"தொட்டில் அந்த ஓரத்துலதான் இருக்கு," என்றாள். "இறுக்கு."

காற்று அன்று மாலையே வந்தது. தெருமுனைக் கடையின் கூரைத் தகரம் ஒன்று காகிதம்போல் பறந்து வந்து மின்கம்பத்தைச் சுற்றிக்கொண்டது. நர்ஸுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வர முடியவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் நான்காம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். சுவர் உச்சித் திறப்பில் காற்று புகுந்து ஊளையிட்டது. கூரை ஓர் அங்குலம்கூட அசையவில்லை. அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அவள் ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, காது கொடுத்துக் கேட்டாள்.

மடியில் குழந்தை அண்ணாந்து கூரையைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

மறுநாள் எல்லோரும் வெளியே வந்து அவரவர் கூரையைப் பார்த்தார்கள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நாலு வீடுகளும் வரிசையாக நின்றன. மூன்றாம் வீட்டு ஜன்னல் மட்டும் மற்றவற்றைவிட ஒரு செங்கல் உயரத்தில் இருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். அவர் கணக்கும் ஓரிடத்தில் தவறித்தான் இருந்தது.