குளிர்ந்த பந்து

"எட்டாம் நம்பரே போதும்னு சொல்றேன், நீ பாட்டுக்கு…"

"போதாதுங்க. ஏழாம் நம்பரைக் குடுங்க. இந்தக் குளிர்ல பந்து…"

"குளிருக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? மெட்ராஸ்ல ஏழுல போன தூரம், பெங்களூர்ல எட்டுலயே போகும். இங்க காத்து மெலிசு. எத்தனை தடவை சொல்றது?"

எத்தனை தடவை என்று வனஜா எண்ணியதில்லை. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து புருஷன் சுந்தரமூர்த்தி இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது மேட்டு நிலம், காற்று லேசு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதனால் ஏழைவிடத் தூரம் குறைவாகப் போகும் எட்டாம் நம்பர் கோல்ஃப் மட்டையை எடு. மே மாதத்து மத்தியானத்தில் அது சரிதான். இது டிசம்பர், விடிந்தும் விடியாத நேரம், புல்லெல்லாம் பனி. பந்தோ ராத்திரி முழுக்கக் கார் டிக்கியில் கிடந்து விறைத்தது. வீட்டுக்குள் எடுத்து வையுங்கள் என்று அவள் சொன்னதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாய்ச்சண்டைக்குத் தெம்பில்லாமல் எட்டையே வாங்கி அடித்தாள். கல்லை அடித்தாற்போல் உள்ளங்கை அதிர்ந்தது. எதிரே இருந்த குட்டையின் நடுவில் பந்து தொப்பென்று விழுந்தது.

"தோள்பட்டை," என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். ஜனவரியில் ஜோடிப் போட்டி. ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர், ஒரே பந்து, ஆளுக்கொரு அடி. அதில் ஆட வேண்டும் என்றுதான், தோள் இறுகிப்போன நாளிலிருந்து சுவரில் விரலை நடக்கவிட்டு, கயிற்றை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கப் பழகியிருந்தாள். தோள் சரியாகிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். புருஷன்தான் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் நரேஷின் மனைவி ஷோபா நன்றாக அடிக்கிறாள் என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சாப்பிடும்போது சொன்னார்.

குளிரில் பந்துக்குள் இருக்கும் ரப்பர் துள்ளாது, காற்றும் கனத்துப்போகும் என்று அவள் மறுபடி எடுத்துச் சொன்னாள். அவர் சிரித்தார். பை சுமந்து வந்த தியோடரைச் சாட்சிக்கு இழுத்தாள். அம்மா சொல்வதும் நியாயம், சார் சொல்வதும் நியாயம் என்று சொல்லிவிட்டு அவர் புல்லைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒன்பது குழியும் முடிந்து, டீ குடித்து எழுந்தபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. வனஜா நேராக அந்தக் குட்டைக்கே திரும்பிப் போனாள். அதே எட்டாம் நம்பரைக் கேட்டு வாங்கினாள். பந்தும் இப்போது வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அடித்தாள். பந்து குட்டையைத் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பாத்தீங்களா," என்றாள். "அதே மட்டை, அதே தோள்."

"அதைத்தானே நானும் சொன்னேன். எட்டு போதும்னு. காலையில நீ ஒழுங்கா அடிக்கல."

அவளுக்கு மட்டையைத் தூக்கிக் குட்டையில் வீசலாம் போலிருந்தது. நிரூபித்ததையெல்லாம் அவர் தன் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டார். காலையில் ஏழு எடுத்திருந்தால் தாண்டியிருக்கும் என்றாள். இல்லை என்றார். போட்டியும் விடியற்காலையில்தான், நாளைக்கே ஏழையும் எட்டையும் அடித்துக் காட்டுகிறேன், நீங்களும் கூட அடியுங்கள் என்றாள்.

"நாளைக்கெல்லாம் எதுக்கு," என்றார் அவர். "குளிர் பந்துக்கு இல்ல வனஜா, உன் தோளுக்குத்தான். எதுக்கு உடம்பை வருத்திக்கறே."

குரல் சட்டென்று இதமாகியிருந்தது. சண்டையில் அவர் இப்படிக் குழைந்து பேசுகிறவரே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தியோடரிடமிருந்து பையை வாங்கினார். தானே தோளில் மாட்டிக்கொண்டு கார் பக்கம் நடந்தார்.

அவள் நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஷோபா பேரைக் குடுத்துட்டீங்க, இல்ல?"