மனைவிக்குச் சொன்ன மூன்றாவது ஸ்ட்ரைக்

நார்த்மீட் புறநகரில் குடியிருக்கும் பிரதீப்குமாருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்பது, மைதானத்துக் கார் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவதற்கான நேரம். அவன் மனைவி ஹரிப்பிரியா பிசியோதெரபிஸ்ட். உடன் வேலை செய்பவர்கள் இழுத்துப்போய், ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் பேஸ்பால் அணி ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். சும்மா தூங்குகிற மனிதன் ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அவனை ஆன்லைனில் ஓர் அம்பயர் பயிற்சி முடிக்க வைத்திருந்தாள். திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி அவனும் தேறிவிட்டான். திரையிலிருந்து பந்து கிளம்பி முகத்துக்கு வராது என்பது அப்போது அவனுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அன்று வரவேண்டிய அம்பயருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஹரிப்பிரியாவே வந்து கார் கண்ணாடியைத் தட்டினாள். மனைவி ஆடுகிற ஆட்டத்துக்குக் கணவன் தீர்ப்புச் சொல்வது முறையா என்று அவன் நியாயம் பேசிப் பார்த்தான். எதிரணிக்கு ஆட்சேபணை இல்லை. வேறு ஆளும் இல்லை.

கிரிக்கெட்டில் அம்பயர் எட்ட நின்று பார்ப்பார். இங்கே விக்கெட் கீப்பர் மாதிரி உட்கார்ந்திருக்கும் கேட்ச்சரின் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பேட்டரின் முட்டியிலிருந்து பாதி மார்புவரை உள்ள உயரத்தில், தரையில் பதித்த வெள்ளைத் தட்டுக்கு மேலாகப் பந்து போனால் ஸ்ட்ரைக். தப்பிப் போய், பேட்டர் வீசாமலும் விட்டால் அதற்குப் பெயர் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். நாலு பால் வந்தால் பேட்டர், ரன்னுக்காகச் சுற்றி வர வேண்டிய மூன்று பேஸ்களில் முதலாவதற்குச் சும்மாவே நடந்து போகலாம்.

முதல் பந்து வந்தது. சத்தத்தை வைத்து பிரதீப்குமார் 'பால்' என்றான். எதிரணியின் கேட்ச்சர் பிரஷாந்தன் யாழ்ப்பாணத்துக்காரன். அவன் திரும்பிப் பார்த்தபோதும் அம்பயரின் கண்கள் மூடியே இருந்தன.

"அண்ணை, கண்ணைத் திறந்துகொண்டு நில்லுங்கோ. பந்து என்னைத் தாண்டித்தான் உங்களிட்ட வரும்" என்றான் மெதுவாக.

கண்ணைத் திறந்த பிறகுதான், அதே பிரஷாந்தன் வெளியே போன பந்தைப் பிடித்து, கையுறையைப் பூனை மாதிரி உள்ளே நகர்த்தி ஸ்ட்ரைக் போலக் காட்டுவது தெரிந்தது. கையுறையைப் பார்க்கக் கூடாது, தட்டைக் கடக்கும் இடத்தில் பந்தைத்தான் பார்க்க வேண்டும் என்று புரிந்துகொண்டான். பார்த்ததும் வாயைத் திறக்கவும் கூடாது. ஒரு மூச்சு விட்டு, மனத்துக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு சொல்ல வேண்டும். அலுவலக மீட்டிங்குகளில் மைக்கை அணைத்தே வைத்திருக்கும் மனிதனின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மைதானத்தின் மறுகோடிவரை கேட்க ஆரம்பித்தது.

கடைசிச் சுற்றில் ஹரிப்பிரியாவின் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மூன்று பேஸிலும் ஆட்கள். பேட்டோடு வந்து நின்றவள் ஹரிப்பிரியா. மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆயிற்று. இன்னொரு பால் என்றால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்ந்து, மூன்றாவது பேஸில் நிற்பவர் ரன் எடுத்து, ஆட்டம் சமன். ஸ்ட்ரைக் என்றால் தோல்வி.

பந்து வந்தது. அவள் பேட்டை வீசவில்லை. பால்தான் என்பதுபோல, பேட்டைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸை நோக்கி நடந்தாள். பந்தோ தட்டின் வெளி ஓரத்தை உரசிக்கொண்டு, முட்டிக்குச் சற்று மேலே, தையல் தெரியுமளவுக்குத் துலக்கமாக அவன் கண்முன் போயிருந்தது. ஒரு மூச்சு விட்டான்.

"ஸ்ட்ரைக் த்ரீ!"

வேலியில் உட்கார்ந்திருந்த காக்கட்டூக் கிளிகள் எழுந்து பறந்தன. பிரஷாந்தன்கூடக் கொஞ்சம் மிரண்டுவிட்டான்.

திரும்பும்போது அவள் காரின் பின் சீட்டில் ஆட்டப் பையோடு உட்கார்ந்துகொண்டாள். குளித்துவிட்டு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனார்கள். அர்ச்சனைக்குத் தன் பெயரையும் மகள் தாரிணியின் பெயரையும் நட்சத்திரத்தோடு சொன்னாள். வேறு யாராவது உண்டா என்று குருக்கள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். அவ்வளவுதான் என்றுவிட்டாள்.

ராத்திரி தோசைக்கல்லுக்கு அருகே போய் நின்று, "பிரியா, அது ஓரத்தை உரசிட்டுதான் போச்சு" என்றான்.

"எனக்குத் தெரியாதா? பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"அப்புறம் ஏன் கோபம்?"

"ஸ்ட்ரைக்னு சொன்னதுக்கு இல்ல. அதை அவ்வளவு சந்தோஷமாவா சொல்லணும்?"

 அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவளைக் கேட்காமல் அவன் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். தோசையை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டான்.

மறுநாள் அவளே ஆட்ட ஒருங்கிணைப்பாளரிடம் பேசி, தன் அணி ஆடாத பக்கத்து மைதானத்துக்கு அவனை அம்பயராகப் போட வைத்தாள். அடுத்த ஞாயிறு தன் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட, வந்து அவனுக்குப் பின்னாலிருந்த கம்பி வலையோரம் உட்கார்ந்தாள். அவன் சொன்ன முதல் ஸ்ட்ரைக்குக்கே, "அது வெளிய போச்சுங்க" என்று குரல் வந்தது.

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று வெள்ளைக்கார பேட்டர் கேட்டான். சரியான தீர்ப்பு என்கிறார் என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, பிரதீப்குமார் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான்.