எல்லையில் நின்ற சேலை

எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்குச் 'சட்டம் சாமி' என்று பெயர். முழுப்பெயர் சாமிநாதன். மலாக்கா மாநிலத்து ரெம்பியாவில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் ஜாகா என்கிற காவல் வேலை. கொரோனா வந்த பிறகு அந்த வாசலுக்கு நான்தான் ராஜா. நெற்றியில் சூடு பார்ப்பேன், போனில் ஸ்கேன் பண்ணச் சொல்வேன், மூக்குக்குக் கீழே இறங்கிய மாஸ்க்கை ஏற்றச் சொல்வேன். ஒருநாள் முதலாளியே மாஸ்க் இல்லாமல் வந்தார். திருப்பி அனுப்பினேன். காருக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்தவர் மெச்சிக்கொண்டு என் தோளைத் தட்டப் பார்த்தார். ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னேன்.

இதையெல்லாம் வீட்டில் பெருமையாகச் சொல்வேன். என் மனைவி புனிதா சிரிப்பாள்.

"எமன் வந்தாலும் ஸ்கேன் பண்ணிட்டு உள்ள வாடான்னு சொல்லுவீங்க."

எமன் ஸ்கேன் பண்ணவில்லை. 2021 ஜூன் மாதம், எல்லாம் அடைத்துக் கிடந்த நேரம். ஒரு சனிக்கிழமை காலையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கொரோனா இல்லை, மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதி, மறுநாள் காலையில் உடலைக் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு மின்சுடலையில் இடம் கிடைத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன், அங்கமுத்து. எனக்கு மச்சான்.

மச்சான் வீடு தம்பினில். எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆனால் அது ஒரு கோணல் ஊர். டவுனுக்கு நடுவில் கோடு போட்டு, அந்தப் பக்கம் நெகிரி செம்பிலான், இந்தப் பக்கம் மலாக்கா என்று பிரித்துவிட்டார்கள். மச்சான் அந்தப் பக்கம். தங்கச்சி முகத்தைப் பார்க்க அவர் மாநிலம் தாண்டியாக வேண்டும். அதற்குப் போலீஸ் நிலையத்தில் சுராட் என்ற அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அந்த ஒரு காகிதம் இல்லாமல் ஈ, எறும்பு தாண்ட முடியாது என்றார்கள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்போம். போர்த்த ஆள் இல்லாவிட்டால் நாதியற்றவள் போன மாதிரி. மச்சான் அன்று காலையிலேயே தெரிந்த துணிக்கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு மஞ்சள் சேலை வாங்கிவிட்டார். போலீஸ் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்ததால், சுராட் வாங்காமலே காரை எடுத்துவிட்டார். எல்லையில் ரோட் பிளாக்கில் நிறுத்தினார்கள்.

அங்கிருந்து எனக்கு போன் வந்தது. "மாப்ள, இந்த போலீஸ்காரத் தம்பி உங்ககிட்ட பேசணுமாம். கொஞ்சம் சொல்லுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை அன்றே மச்சானிடமும் மற்றவர்களிடமும் ஒரே மாதிரியாகச் சொல்லிவைத்தேன். போலீஸ்காரன் ஒன்றுமே கேட்கவில்லை, முடியாது என்று போனை வைத்துவிட்டான் என்று. அது பொய்.

அந்தப் பையன் தள்ளிப் போய் நின்றுதான் பேசினான். சின்னக் குரல், மரியாதையான மலாய்; பக்சிக், அதாவது மாமா, என்றுதான் என்னைக் கூப்பிட்டான். உங்கள் மனைவியின் அண்ணன்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். "சுராட்டுக்கு மனு போட்டாச்சா பக்சிக்? போட்டிருக்குன்னு நீங்க சொன்னா போதும், விட்டுடுறேன்." போட்டாச்சு என்று ஒரு வார்த்தை. அதைத்தான் அவன் என்னிடம் யாசகம் மாதிரிக் கேட்டான்.

"இன்னும் போடல துவான்," என்றேன். "சட்டப்படி செய்யுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பக்சிக்," என்றான். நான் மறுபடியும் அதையே சொன்னேன். மச்சானைச் சேலையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏன் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். நானே என்னைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். பெண்டாட்டி ஹாலில் கிடக்கிறாள், என் வாய் மட்டும் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் பழக்கம் ஒன்றரை வருஷத்தில் வந்தது, அதுவும் சுடுகாடு வரைக்கும் கூடவே வந்தது.

பக்கத்து வீட்டு முனியாயி அக்கா, "கோடி எங்கப்பா?" என்று கேட்டார். அலமாரியில் புனிதா தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையைக் கொண்டுவந்து நானே போர்த்தினேன். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

பிறகு மச்சான் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. அவருக்குத் துக்கம், எனக்குப் பயம்.

லீவு நாளிலும் கடைக்குப் போய்விடுவேன். வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது. ஒரு நாளைக்கு நானூறு பேரிடம் பேசுகிறவன் நான். ஆனால் நானூறு பேரிடமும் ஒரே வார்த்தைதான்: ஸ்கேன். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது தொண்டை காய்ந்திருக்கும், பேசி அல்ல. சோறு எப்போதும் இரண்டு பேருக்கு வெந்துவிடும். கால் சுண்டு அரிசி எப்படி அளப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அக்டோபரில் மாநில எல்லைகளைத் திறந்தார்கள். அதே வாரம் அந்த வீடியோ வந்தது.

உம்பாய் கடலோரத்தில் ஒரு மீன்கடை. நீள மேசை. ஒய்.பி. என்று நாங்கள் சொல்லும் மக்கள் பிரதிநிதி ஒருவர், அவரோடு பெரிய பெரிய அதிகாரிகள், குடும்பங்கள் என்று நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவர் மூக்கிலும் மாஸ்க் இல்லை. நண்டு உடைக்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், கேக் வெட்டுகிறார்கள். கேக்கில் தேதி எழுதியிருந்தது. புனிதாவை எரித்து மூன்றாம் நாள். அன்று நான் தனியாக உட்கார்ந்து படத்துக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒய்.பி.யோ இரண்டு மாநிலம் தாண்டி வந்து நண்டு தின்றிருக்கிறார். வீட்டில் இருங்கள், சட்டத்தை மதியுங்கள் என்று தினமும் டிவியில் கும்பிடு போட்டவரும் அவரேதான். கேட்டால், அது வேலை சம்பந்தமான சந்திப்பாம். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறாராம். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மச்சான் போன் பண்ணினார். நாலு மாதத்துக்குப் பிறகு.

"பாத்தீங்களா மாப்ள? அவனுங்களுக்கு நண்டு திங்க வழி இருக்கு, எனக்குத் தங்கச்சிக்குக் கோடி போட வழி இல்ல. என்னா நியாயம் லா இது?"

இருவரும் சேர்ந்து திட்டினோம். மறுநாளும் ஏழு மணிக்குக் கூப்பிட்டார். அதற்கு அடுத்த நாளும். நான் ஆறே முக்காலுக்கே குளித்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒய்.பி.க்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். அவர் செய்த தப்பு என் தப்பை மூடிக்கொண்டது. கூடவே எனக்கு ஓர் உறவையும் திருப்பிக் கொடுத்தது. சாப்பிட்டீங்களா மாப்ள என்று கேட்க ஓர் ஆள். அதற்காக எதையும் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன்.

மலாக்கா டவுனில் மோகனா என்ற வக்கீல், சாவுக்குப் போக முடியாமல் நின்றவர்களையெல்லாம் கூட்டி நிருபர்களைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். மச்சான் பேர் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் அந்த மஞ்சள் சேலை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"இத என்ன பண்றதுன்னே தெரியல மாப்ள. செத்தவளுக்கு வாங்குனத கட்டவும் முடியாது, குடுக்கவும் முடியாது. நாலு மாசமா அலமாரி மேலயே கெடக்கு. இன்னிக்கு எல்லாரும் பாக்கட்டும்."

சரிங்க மச்சான் என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "அந்த போலீஸ்காரன் பேரு. நெஞ்சுல மாட்டியிருந்தத அன்னிக்கே எழுதி வச்சுட்டேன். பேரோட சொல்லப் போறேன். ஒண்ணுமே கேக்காம போன வச்சுட்டான்னு நீங்களும் பக்கத்துல நின்னு சொல்லணும். அவன் வேல போகணும் மாப்ள."

சீட்டைப் பார்த்தேன். சின்னப் பேர். அந்தச் சின்னக் குரலுக்குப் பொருத்தமாக இருந்தது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பக்சிக்.

சும்மா இருந்திருக்கலாம். போலீஸ்காரன் எனக்கு மாமனா மச்சானா? ஏழு மணிக்கு வரும் போன் பெரிதா, முகம் தெரியாத பையன் வேலை பெரிதா என்று மனம் கணக்குப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்று புனிதாவையே நாதியற்றவளாக அனுப்பினேன். இன்றைக்கு வாய் கூசாமல் அதைவிடப் பெரிய பொய்யைச் சொன்னால், அவளுக்கு நான் செய்தது எந்தச் சட்டத்துக்காக?

"அவன் கேட்டான் மச்சான்," என்றேன்.

"என்ன கேட்டான்?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

மச்சான் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

"ரெண்டு தடவ கேட்டானா?"

"ரெண்டு தடவ."

"சொன்னா விட்டுருவேன்னு சொன்னானா?"

"சொன்னான் மச்சான்."

என் கையிலிருந்த சீட்டை வாங்கி நாலாகக் கிழித்து, கதவில் இருந்த குப்பைப் பையில் போட்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எறங்குங்க," என்றார். மாப்ள என்ற வார்த்தை இல்லை.

இறங்கினேன். சேலையோடு கார் போய்விட்டது. வெயிலில் பாதி தூரம் நடந்து, பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் மோகனாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் நிருபர் சந்திப்பின் வீடியோ வந்திருந்தது. கடைசியில்தான் மச்சான் வருகிறார். மடியில் மஞ்சள் சேலை. ஒய்.பி.யைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். மூன்றாம் நாளை, நண்டை, கேக்கை. குரல் உடையவில்லை. ஓர் இளம் நிருபர் கேட்டார், "அப்போ ரோட் பிளாக்ல உங்கள விடாதது அந்த போலீஸ்தானே அங்கிள்?"

மச்சான் சேலை உறையைத் தடவினார்.

"போலீஸ்காரப் புள்ள நல்ல புள்ள. அவன் விட்டுருப்பான்."

"அப்புறம் யாரு தடுத்தது?"

"வேற கேளுங்க தம்பி."

நிருபருக்குப் புரியவில்லை. வேறு கேள்விக்குப் போய்விட்டார். உங்கள் தங்கச்சி வீட்டிலிருந்து யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"தங்கச்சி போன பெறகு அந்த வீட்ல எனக்கு யாரும் இல்ல."

வீடியோ முடிந்தபோது மணி ஏழு. குளித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைச் சொல்லி அத்தனை பேர் முன்னால் அவர் என்னைக் காறித் துப்பியிருக்கலாம். அப்போதும் என் தங்கச்சி புருஷன் என்று சொல்லித்தானே துப்பியிருப்பார். ஏழே கால் வரைக்கும் போன் வருமா என்று பார்த்தேன். பிறகு எழுந்து போய் அரிசி கழுவினேன்.