வாசலில் கிடந்த சிவப்பு உறை

இரண்டு பெண்கள் மணந்துகொள்ளலாம் என்று தைவானில் சட்டம் வந்த வாரம், சின்-யீ பதிவு அலுவலகத்துக்குப் போய், இறந்துபோன பெய்-ஷானின் பெயரைச் சொன்னாள்.

"செத்தவங்களப் பதிய முடியாதும்மா," என்றார் எழுத்தர்.

தெரிந்த பதில்தான். அழுகைகூட வரவில்லை. அங்கிருந்து பெய்-ஷானின் அம்மா வீட்டுக்குப் போனாள்.

கல்யாணமாகாமல் செத்த மகளுக்குப் பிறந்த வீட்டுப் பூஜை மாடத்தில் இடம் கிடையாது. அவள் முடியைச் சிவப்பு உறையில் வைத்துத் தெருவில் போட்டுவிட்டு மறைந்து நிற்பார்கள். எடுக்கிற ஆண்தான் செத்தவளுக்கு மாப்பிள்ளை. பெய்-ஷானுடையதை ஒரு டாக்ஸிக்காரன் எடுத்தான். அவள் ஆவி தங்கும் பெயர்ப்பலகை இப்போது அவன் வீட்டு மாடத்தில்.

"சட்டம் லேட்டா வந்துடுச்சு, அத்தை."

அம்மா நூடுல்ஸ் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். "சட்டம் கெடக்குது. அந்த உறைய மொதல்ல உன் வாசல்லதான் போட்டேன். எதிர்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். நீ தாண்டிப் போயிட்ட."

"ஆம்பளைங்கதானே எடுக்கணும்..."

சின்-யீ தின்ன ஆரம்பித்தாள். அம்மா இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான்டி போட்டேன்."