பரமன் வைத்த கஞ்சி

சுயம்புலிங்கத்தின் கிண்டல் கதைகள் எல்லாவற்றிலும் பரமன் என்றொரு குமாஸ்தா வருவான். நாயைக் கண்டால் ஓடுவான். விருந்தாளி வந்தால் குளியலறையில் ஒளிந்துகொள்வான். மேலதிகாரியின் பேரனுக்குக் காது குத்தினால், பெற்றவள் அழுமுன் இவன் கண் கலங்குவான். பரமன் என்பது ஓய்வுபெற்ற மேலாளர்தான் என்று சுயம்புலிங்கத்தின் அலுவலகத்தில் சத்தியம் செய்தார்கள். பழனிசெட்டிபட்டியில் அவர் தெருக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சுயம்புலிங்கம் எதையும் மறுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

கதைகள் புத்தகமானபோது தேனியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம் வைத்தார்கள். கல்லூரியில் தமிழ் நடத்தும் ஜெபராணி பேச வந்தார்.

“இந்தப் புத்தகத்துல திட்டு வாங்காத ஆளே இல்ல, பரமனைத் தவிர. அவன் எவ்வளவு புளுகினாலும் கதை கோவிச்சுக்கிறதில்ல. தலைக்கு எண்ணெய் வச்சு சீவிவிடுற மாதிரி எழுதியிருக்காரு. வெளியாளுக்கு யாராவது இவ்வளவு சலுகை குடுப்பாகளா? பரமன் வேற யாருமில்ல, எழுதினவர்தான்.”

சுயம்புலிங்கத்துக்குக் காது சூடானது. எழுந்து, “சுத்தக் கற்பனைங்க. சந்தேகம்னா என் வீட்டம்மாவைக் கேளுங்க” என்றார்.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி கிருபாவதி சேலையைச் சரிசெய்துகொண்டு போய் மைக்கை வாங்கினார்.

“டீச்சர் சொல்றது தப்பு. பரமன் இவுக இல்ல.”

சுயம்புலிங்கம் நிம்மதியாகச் சாய்ந்தார்.

“பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா பரமன் லீவு போட்டுட்டு கஞ்சி வச்சுக் குடுப்பான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இவுக எட்டிக்கூடப் பாக்கல.”

“என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?” என்று ஜெபராணி கேட்டார்.

“கதவைச் சாத்திக்கிட்டு எழுதிக்கிட்டு இருந்தாக. இந்தக் கஞ்சிக் கதையைத்தான்.”

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. கொண்டுவந்த புத்தகங்களெல்லாம் விற்றுப்போயின. வாங்கியவர்கள் கஞ்சிக் கதை எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுக்கொடுத்தார்.

வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில், “இப்படிக் கவுத்திட்டியே” என்றார்.

“நீங்க இல்லைன்னுதான சொன்னேன். அதைத்தான கேட்டீக?”

சற்றுத் தூரம் போனதும் சுயம்புலிங்கம், “நாளைக்கு நான் கஞ்சி வைக்கிறேன்” என்றார்.

“எனக்கென்ன காய்ச்சலா?” என்ற கிருபாவதி, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். “சரி, வைங்க. உங்க ஆளு பூண்டை எப்பப் போடுவான்? அரிசியோடயா, வெந்த பிறகா?”

சுயம்புலிங்கம் யோசித்தார். கதையில் கஞ்சி ஆவி பறக்க வந்துவிடும். அடுப்பு பற்றவைத்ததாகக்கூட அவர் எழுதியிருக்கவில்லை.