முந்தியைத் திருப்பிப் பார்க்கும் ஜனங்கள்

பிள்ளையார்பாளையத்துக் கல்யாணங்களில் போட்டோ எடுப்பதைப் போல ஒரு பாவப்பட்ட பிழைப்பு உலகத்தில் இன்னொன்று கிடையாது. இது இந்திராணியின் தீர்மானமான கருத்து. மற்ற ஊர் ஜனங்கள் மேடை ஏறினால் மொய்க்கவரைக் கொடுப்பார்கள், கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள், பந்திக்கு ஓடுவார்கள். தறிக்காரக் குடும்பத்து ஆள் ஏறினால் கதையே வேறு. முதல் பார்வை மணப்பெண்ணின் புடவை மேல்தான். கண் போன இடத்துக்குக் கை போகாமல் இருக்குமா? முந்தியை இரண்டு விரலால் பிடித்து, மறுபக்கம் திருப்பி, பின்பக்க வேலை எப்படி என்று பார்த்த பிறகுதான் ஆசீர்வாதம். முன்பக்கம் எல்லாப் புடவையும் மினுக்கும், நெசவாளி யோக்கியனா இல்லையா என்பது பின்பக்கத்தில்தான் தெரியும் என்பது அவர்கள் வேதம். இந்திராணி தொண்டை வறள "அண்ணே, இங்க பாருங்க" என்று கத்துவாள். யார் காதில் விழும்? ஆல்பத்தைத் திறந்தால் வழுக்கையும் வகிடும்தான் வரிசையாக இருக்கும்.

இதில் வேடிக்கை, இந்திராணியே அதே தெருவில் பிறந்தவள்தான். சின்ன வயதில் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலைக் குறுக்கே ஓட்டும் கரை நாடாவைத் தள்ளியவள். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டாள், வீடியோ எடுக்கும் குமரனைக் கட்டிக்கொண்டாள், இருவருமாகச் சேர்ந்து ஊர் ஊராகக் கல்யாணம் கல்யாணமாக அலைகிறார்கள். தனக்கு அந்தப் புடவைப் பைத்தியம் விட்டுப்போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று என்று அவளுக்குத் திடமான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் கீர்த்தியிடம் வாயை விட்டாள்.

கீர்த்தி எதிர்வீட்டுப் பஞ்சாட்சரத்தின் ஒரே மகள். மாப்பிள்ளை அருள், வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி வேலை. கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்புகிறது. தாலி ஏறியதும் கீர்த்தியும் பெட்டி கட்ட வேண்டியதுதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவள் இந்திராணியின் ஸ்டுடியோவுக்கு வந்து, வீட்டு ஆல்பத்திலிருந்து சில படங்களை மேசையில் பரப்பினாள். முதல் பிறந்தநாளில் அப்பா குழந்தையின் பட்டுப்பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நீராட்டில் தாவணியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜில் பட்டம் வாங்கிய அன்று அந்தக் கறுப்பு அங்கியின் நுனியை விரலால் நிமிண்டி, என்ன நூல் என்று சோதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அங்க போயி சுவத்துல மாட்ட எனக்கு ஒரே ஒரு படம் வேணும். அப்பா என்னைப் பார்க்குற மாதிரி," என்றாள். "நீ சொல்லி நிக்க வெச்சு எடுக்காத. அவராப் பார்க்கணும்."

இதெல்லாம் ஒரு வேலையா, பத்து எடுத்துத் தருகிறேன் என்று இந்திராணி சொன்னாள். சொன்னவள் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

கல்யாணம் தென்னேரி ஏரிக்கரையில். யாரோ ஒரு காலத்தில் கட்டிய பெரிய பங்களா, இப்போது அது ஹோட்டல். முன்னால் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் தண்ணீர். அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, கொக்கும் நீர்க்காகமும் கூப்பிடாத விருந்தாளிகளாக வந்து உட்கார்ந்திருந்தன. அருள் வீட்டார் ஆசைப்பட்டுப் பிடித்த இடம். எல்லாருக்கும் பிடித்திருந்தது, பஞ்சாட்சரத்தைத் தவிர. அவர் கீழே குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். பட்டு இதில் புரளப்போகிறதா என்று அங்கேயே முகம் சுருங்கிவிட்டது.

கூறைப்புடவையை நெய்தவர் அவரேதான். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. ஊருக்கெல்லாம் நெய்தவர், தன் மகளுக்கென்று தறியில் பாவு நூல் ஏற்றிய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்று அவர் மனைவி வடிவாம்பாள் குறைப்பட்டுக்கொண்டாள்.

காலையில் அறை ஜன்னலோரம் கீர்த்தியை உட்காரவைத்து இந்திராணி முகப்படங்கள் எடுத்தாள். ஏரிமேல் பட்டு வந்த வெளிச்சம் பெண்ணின் மூக்குத்தியில் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தது. இந்திராணிக்கு உற்சாகம் பொங்கியது. இன்றைக்கு எல்லாம் நல்லபடி அமையும் என்று நினைத்தாள்.

முதல் சோதனை தட்டில் வந்தது. தாலியையும் கூறைப்புடவையையும் தாம்பாளத்தில் வைத்துச் சபையில் சுற்றுக்கு விடுவார்கள், ஆளாளுக்குத் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவரிடம் தருவார்கள். மாப்பிள்ளை வீட்டு வரிசைகளில் தட்டு சரசரவென்று நகர்ந்தது. பெண் வீட்டு வரிசைக்கு வந்ததும் நின்றது. ஒருவர் மடிப்பைப் பிரித்தார். இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்தார். மூன்றாமவர் வெளிச்சம் போதவில்லை என்று தட்டோடு எழுந்து வாசலுக்கே போய்விட்டார். முகூர்த்தம் தவறிவிடும் என்று ஐயர் மைக்கில் அலறினார். பஞ்சாட்சரமோ பரீட்சைப் பேப்பர் திருத்தப்படுகிற பையனைப் போலக் கைகட்டி நின்றார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து தலையசைத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அப்புறம் கீர்த்தி கூறைப்புடவை கட்டி வந்து உட்கார, தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் முழங்கியது. இந்திராணி மண்டியிட்டுத் தயாராக இருந்தாள். பெண்ணுக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நின்ற பஞ்சாட்சரத்தை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தாள். அருள் முதல் முடிச்சைப் போட்டான். அந்த நேரம் பார்த்துப் பஞ்சாட்சரம் நிமிர்ந்தார். புடவையை விட்டுவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். இந்திராணி அழுத்தினாள், அழுத்தினாள், விடாமல் அழுத்தினாள். அட்சதை மழையாகப் பொழிந்தது.

ஓரமாக ஒதுங்கி, எடுத்ததைத் திருப்பிப் பார்த்தவள் மறுபடி முதல் படத்துக்கே போனாள்.

கீர்த்தியின் முழங்காலருகே புடவை மடிப்பு விரிந்து கிடந்தது. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி வந்து சேருமே, கோர்வை, அந்த இடம். காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்திருந்தது. ஒரு நூல் பிசகில்லாத கோர்வை. சின்ன வயதில் கரை நாடா தள்ளிய விரல், எஜமானியைக் கேட்காமலே ஃபோகஸை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. படத்தில் கோர்வை கத்தி மாதிரி கூர்மை. அதற்கு மேலே பஞ்சாட்சரத்தின் முகம், கலங்கிய தண்ணீரில் தெரிகிற நிலா. பதினைந்து படத்திலும் அதே கதி. குமரனின் வீடியோவிலாவது இருக்குமா என்று ஓடினாள். அதில் அருளின் மாமா ஒருவரது அகன்ற முதுகு அப்பாவையும் மகளையும் சேர்த்து மறைத்திருந்தது.

ஊர் ஜனத்தையெல்லாம் கரித்துக் கொட்டியவள், கடைசியில் தானும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான் என்று புரிந்தபோது இந்திராணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழுகைதான் கொஞ்சம் அதிகம்.

மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கீர்த்தியிடம் கேமராவை நீட்டி நடந்ததைச் சொன்னாள். கீர்த்தி அந்தச் சின்னத் திரையை நெடுநேரம் பார்த்தாள். பரவாயில்லை, விடுக்கா, கோர்வை நன்றாக விழுந்திருக்கிறது என்றாள். அப்படிச் சொல்லும்போது முகம் தொங்கிப்போயிருந்தது.

பிற்பகலிலும் இந்திராணி விடவில்லை. ஜோடியை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள், அப்பாவையும் ஏதோ சாக்குச் சொல்லி இழுத்துக்கொண்டாள். அவர் வந்தார். தோளில் துண்டோடு வந்து, பெண் நிற்க வேண்டிய இடத்துப் புல்லையெல்லாம் துடைத்தார். முந்தி காற்றில் பறக்கட்டும் என்று அருள் ஆசைப்பட்டான். பறந்தது. ஆனால் அதன் நுனியைப் பிடித்தபடி ஒரு செடிக்குப் பின்னால் பஞ்சாட்சரம் குந்தியிருந்தார். பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். ஒவ்வொரு படத்திலும் செடியிலிருந்து ஒரு கை முளைத்திருந்தது.

மேடைப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வந்தவர்கள் முந்தியைத் திருப்பினார்கள், பஞ்சாட்சரமும் கூடவே குனிந்து விளக்கம் சொன்னார். இந்திராணி கத்துவதை நிறுத்திவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் ரிசப்ஷன். பெண் உடை மாற்றினாள். கழற்றிய புடவையை வடிவாம்பாள் கொண்டுவந்து தர, பஞ்சாட்சரம் அதில் ஒட்டியிருந்த அட்சதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மடித்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வைத்த பிறகு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புல்வெளியில் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, பஸ்ஸை விட்டவர் போல நின்றார்.

கீர்த்தி படியிறங்கி வந்தாள். போனில் பார்த்து வாங்கிய ரோஸ் நிற லெஹங்கா, மிஷினில் ஓட்டிய பூவேலை. பழக்கதோஷம் யாரை விட்டது? பஞ்சாட்சரம் எட்டிப்போய் அதன் ஓரத்தைப் பிடித்தார். இரண்டு விரலால் திருப்பினார். உள்ளே வெள்ளை லைனிங் துணி. பார்க்க ஒன்றுமில்லை. கையை விட்டார். இன்னொரு இடத்தைத் தேடினார், அங்கேயும் ஒன்றுமில்லை.

இந்திராணி கேமராவைத் தூக்கினாள். இந்த முறை ஃபோகஸைத் தானே விரலால் முகத்தில் கொண்டுபோய் வைத்தாள், வைத்து அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

வேறு வேலை இல்லாத மனிதர் மெல்ல நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"இன்னாம்மா இது மூக்குல? புதுசா?"

"ரெண்டு வருஷமா போட்டுக்கினு இருக்கேன்பா."

"ரெண்டு வருஷமாவா?"

கீர்த்தி தலையாட்டினாள். அவர் கிட்டே வந்து மூக்குத்தியைப் பார்த்தார். பிறகு, பட்டு நூல் பட்டுப் பட்டு வழவழத்துப்போன விரலால் அவள் கன்னத்தைத் தொட்டார். தன்னை நினைத்துத் தானே சிரித்தார், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. நல்லா இருக்குதும்மா என்றார். ஏரிக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இந்திராணி ஒரே தடவைதான் அழுத்தினாள். திருப்பிப் பார்க்கத் தேவைப்படவில்லை.

அந்தப் படத்தின் ஒரு பிரதி ஜெர்மனிக்குப் போயிற்று. இன்னொன்றைப் பெரிதாக்கி, பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்கு எதிர்ச்சுவரில் பஞ்சாட்சரமே ஆணி அடித்து மாட்டினார். கூலி விஷயமாகவும் நூல் விஷயமாகவும் வருகிறவர்கள் அதன் முன்னால் நிற்பார்கள். கூறைப்புடவையைத் தட்டோடு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாரே, அந்தப் பெரியவரும் ஒருநாள் வந்தார். இந்திராணி ஆல்பம் கொடுக்க வந்திருந்த நேரம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தருகே மூக்கை ஒட்டினாற்போல வைத்து, லெஹங்காவின் ஓரத்தை விரலால் சுட்டி, இது இன்னா துணி, எந்த ஊரு சரக்கு என்று விசாரித்தார்.

நாடாவை ஓட்டிக்கொண்டிருந்த பஞ்சாட்சரம் தறியை நிறுத்தினார்.

"துணியை விடுபா," என்றார். "எம்பொண்ணைப் பாரு."