ஒரு விரற்கடை

தையற்காரிக்குக் கழுத்து வலி வந்து ஆறு வருடம். நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்து கிடந்தால் வராமல் என்ன செய்யும் என்றார் டாக்டர். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னார். அவள் அப்படியே செய்தாள். பாதி வலி போயிற்று. அன்றிலிருந்து வலி என்று யார் வாயைத் திறந்தாலும் அவளிடம் ஒரே மருந்துதான்: எழுந்து ஓடு.

மகளுக்கும் அதைத்தான் சொன்னாள். பதினான்கு வயது. வேகப்பந்து வீசுகிறவள், மைதானத்தில் புயல் என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன், இடுப்புக்கு மேல் வலிக்கிறது என்று வந்து நின்றாள். போனும் கையுமாகச் சுருண்டு கிடந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று தையற்காரி போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள். காலையில் கூடுதலாக இரண்டு சுற்று ஓடச் சொன்னாள். மகள் ஓடினாள். அதன் பிறகு வலியைப் பற்றி மூச்சு விடவில்லை. துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தையற்காரி தன் வைத்தியத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

இடையில் மகளின் பள்ளிப் பாவாடை வலப்பக்கம் இறங்கித் தொங்கியது. அந்தப் பக்க மடிப்பை ஒரு விரற்கடை ஏற்றித் தைத்தாள். சுத்தமான வேலை. ஏற்றியது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுச் சட்டைக்கு அளவெடுக்க மகளைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். வலது அக்குளிலிருந்து இடுப்பு வரை டேப்பைப் பிடித்தாள். பிறகு இடது. ஒரு விரற்கடை குறைந்தது. நேராக நில் என்றாள். நேராகத்தான் நிற்கிறேன் என்றாள் மகள். மறுபடி அளந்தாள். அதே அளவு. பாவாடை ஞாபகம் வந்தது. சாய்ந்திருந்தது துணி இல்லை.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மகளின் முதுகில் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கினாள். இடுப்புக்கு மேல் ஓர் இடத்தில் மகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"எத்தனை நாளா?"

"வலி நிக்கவே இல்லம்மா."

"எங்கிட்ட சொல்றதுக்கென்னடி?"

"சொன்னேன். நீ ஓடச் சொன்ன."

சனிக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். தையற்காரியின் கழுத்தைப் பார்த்த அதே டாக்டர், படத்தில் மயிரிழைபோல் ஒரு கோட்டைக் காட்டினார். பந்து வீசி வீசி எலும்பில் விழுந்த கீறல். ஓய்வு கொடுத்தால் கூடிவிடும். கொடுக்காவிட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். மூன்று மாதத்துக்குப் பந்தும் கூடாது, ஓட்டமும் கூடாது. ஓடினால் நல்லதுதானே என்று தையற்காரி கேட்டாள்.

"உங்க கழுத்துக்கு நல்லது" என்றார் அவர்.

வீடு வரும்வரை மகள் கெஞ்சினாள். நாளைக்கு ஆறே ஓவர். பெல்ட் கட்டிக்கொள்கிறேன், அப்புறம் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். தையற்காரி பயிற்சியாளருக்குப் போன் போட்டு, வரமாட்டாள் என்றாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இன்னும் கை இணைக்காத புதுச் சட்டை மெஷின் மேல் கிடந்தது. தையற்காரி அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, யாருடையதோ ஒரு கால்சட்டையை எடுத்துக் குனிந்தாள். பதினோரு மணிக்கு மெஷினை நிறுத்தினாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வலிக்குதா? எந்திரிச்சு ஓடும்மா. சரியாயிடும்."

தையற்காரி எழுந்திருக்கவில்லை. கழுத்திலிருந்து கையை எடுத்துத் துணியில் வைத்தாள். மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.